கைஸ் என்றால் பசங்களா, நீங்களா?

கேள்வி: மேடம், எனக்கு மடிப்பாக்கத்தில் வீடு, பெருங்குடியில் வேலை. பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியம். வேலையில் சேர்ந்து ஒன்பது மாதம் ஆகிறது. எங்கள் அமெரிக்க கிளையன்ட் மேனேஜர் தினமும் சாயங்கால மீட்டிங்கை “ஹேய் கைஸ்” என்றுதான் ஆரம்பிப்பார். கேட்டுக் கேட்டு எனக்கும் தொற்றிக்கொண்டது. போன வாரம் ஒரு ஸ்டேட்டஸ் மெயிலை “ஹாய் கைஸ்” என்று ஆரம்பித்து அனுப்பிவிட்டேன். அது அந்த மேனேஜருக்கும் அவருக்கு மேலே இருக்கும் ஒரு பெண் அதிகாரிக்கும் போன மெயில். சிசியில் எங்கள் டெலிவரி மேனேஜர். பத்தே நிமிஷத்தில் அவர் என் சீட்டுக்கே வந்து, “யாரைப் பார்த்து கைஸ்ங்கிற? நாங்க என்ன உன் கிளாஸ்மேட்டா? அதுல ஒரு லேடி வேற இருக்காங்க” என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார். டீமில் இருக்கும் அண்ணா ஒருவர், “அமெரிக்காவுல இதெல்லாம் சகஜம், அவர் பழைய ஆள், விடு” என்கிறார். யார் சொல்வது சரி? கைஸ் என்பது ஆண்களுக்கு மட்டும்தானா? வேறு எப்படி எழுதுவது? இதற்கு நடுவில் வீட்டில் அம்மா வேறு, “தினமும் கைஸ், கைஸ்னு கூப்பிடறியே, யாருடி அந்தப் பையன்?” என்று கேட்கிறார்.
— பெயர் வேண்டாம், மடிப்பாக்கம்

பதில்: அம்மாவின் கேள்விக்குக் கடைசியில் வருகிறேன். உங்கள் கடிதத்தில் இருப்பதிலேயே நல்ல கேள்வி அதுதான்.

முதலில் உங்கள் மேனேஜர். எல்லார் முன்னாலும் கேட்டது தப்பு, தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். ஆனால் சொன்ன விஷயத்தில் பாதி சரி. டீம் அண்ணா சொன்னதிலும் பாதி சரி. இருவரும் அந்தச் சொல்லுக்கு ஒரே ஓர் அர்த்தம்தான் இருப்பதாக நினைத்துப் பேசுகிறார்கள், அதுதான் சிக்கல்.

இதைப் புரிந்துகொள்ள அமெரிக்கா வரை போக வேண்டாம். உங்கள் தெருவிலேயே ஒரு சொல் இருக்கிறது: பசங்க. சாயங்காலம் எதிர் வீட்டு அக்கா, “பசங்க ஸ்கூல்ல இருந்து வந்துட்டாங்களா?” என்று கேட்கிறார். வீட்டில் இருப்பது இரண்டுமே பெண் குழந்தைகள் என்றாலும், “எங்க வீட்டுல பசங்க இல்லைக்கா, பொண்ணுங்க” என்று யாரும் திருத்துவதில்லை. அங்கே பசங்க என்றால் பிள்ளைகள். அதே அக்கா, “ஒரு பையன் வந்து உன்னைக் கேட்டுட்டுப் போனான்” என்றால் அது ஆண்தான், சந்தேகமே இல்லை. அப்புறம், “காலேஜ்ல பசங்களுக்குத் தனி பஸ், பொண்ணுங்களுக்குத் தனி பஸ்” என்கிறார். இப்போது பசங்க மறுபடியும் ஆண்கள் மட்டும் ஆகிவிட்டார்கள். ஒரே வாய், ஒரே சொல், அர்த்தம் மட்டும் இடத்துக்கு இடம் மாறுகிறது. நாமும் குழம்புவதில்லை.

கைஸும் இதே கதைதான். ‘எ கை’ என்று ஒருமையில் வந்தால் ஆண். (தமிழில் எழுதினால் கை, கால் மாதிரி இருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.) ‘கைஸ் அண்ட் கேர்ள்ஸ்’ என்று பக்கத்தில் இன்னொரு சொல்லை நிறுத்தினால் ஆண்கள் மட்டும். நேராகப் பார்த்து “ஹேய் கைஸ்”, “ஆர் யூ கைஸ் ரெடி?” என்று கேட்டால், எதிரில் இருக்கும் எல்லாரும். பெண்கள் மட்டுமே உட்கார்ந்திருக்கும் மேஜைக்கு வந்து ஓர் அமெரிக்க வெயிட்டர் “வாட் கேன் ஐ கெட் யூ கைஸ்?” என்று கேட்பார், அந்தப் பெண்களும் திரும்பிப் பார்க்காமல் ஆர்டர் கொடுப்பார்கள். பெண்களே தங்களுக்குள் அப்படித்தான் கூப்பிட்டுக்கொள்கிறார்கள். சென்னைக் கல்லூரிகளில் பெண்கள் ஒருவரையொருவர் “மச்சி”, “வாடா” என்று கூப்பிடுவதைக் கேட்டிருப்பீர்களே, அந்த மாதிரி.

ஆக, “லேடி வேற இருக்காங்க” என்று உங்கள் மேனேஜர் சொன்ன காரணம் அமெரிக்கப் பேச்சு வழக்குக்குப் பொருந்தாது. ஆனால் நம் ஊரில் அந்தச் சொல் காதில் எப்படி விழுகிறது என்பது வேறு விஷயம். இதை நானே பட்டுத் தெரிந்துகொண்டேன். பல வருஷத்துக்கு முன்னால், தாம்பரம் தாண்டி ஒரு பொறியியல் கல்லூரியில் பயிற்சி வகுப்பு. ஹாலில் ஒரு பக்கம் ஆண்கள், மறு பக்கம் பெண்கள். பின்வரிசைகள் நிரம்பி முன்வரிசைகள் காலியாக இருந்தன. மைக்கில், “கைஸ், ப்ளீஸ் கம் ஃபார்வர்ட்” என்றேன். ஆண்கள் பக்கம் நாற்காலிகள் கடகடவென்று நகர்ந்தன. பெண்கள் பக்கம் ஒருத்தி கூட அசையவில்லை. எனக்குக் கோபம் வந்தது. “உங்களுக்குத் தனியா சொல்லணுமா?” என்று கேட்டேன். முன்னால் இருந்த ஒரு பெண் எழுந்து, “மேம், நீங்க பாய்ஸைத்தானே கூப்பிட்டீங்க” என்றாள். நூற்றைம்பது பேர் சிரித்தார்கள். அன்றிலிருந்து ஹாலில் அந்தச் சொல்லை நான் எடுப்பதில்லை. ஆங்கிலத்தில் நான் சொன்னது சரிதான். கேட்டவர்களுக்குப் போய்ச் சேரவில்லையே, அப்புறம் சரியாக இருந்து என்ன?

சரி, இவ்வளவு குழப்பம் தரும் சொல்லை ஆங்கிலேயர்களும் அமெரிக்கர்களும் ஏன் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்? அவர்களிடம் ‘நீங்கள்’ இல்லை. இதுதான் இந்தக் கேள்வியின் மையம், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

நம்மிடம் நீ இருக்கிறது, நீங்கள் இருக்கிறது. பழந்தமிழில் நீ, நீயிர். நீயிர் என்பது பன்மை, அவ்வளவுதான். ஒரே ஓர் ஆளை மரியாதைக்காகப் பன்மையில் கூப்பிடுவது பிறகு வழக்கத்தில் வந்தது. தொல்காப்பியமே இதைப் பார்த்துவிட்டு, இது உயர்வுக்காகச் சொல்லும் வழக்கு, இலக்கணப்படி அமைந்தது அல்ல என்று குறித்து வைத்திருக்கிறது. அதனால் இன்று நம் ‘நீங்கள்’ இரண்டு வேலை பார்க்கிறது. ஒன்று எண்ணிக்கை, இன்னொன்று மரியாதை. உங்களுக்கு என் மகள் வயதுதான் இருக்கும், ஆனாலும் இந்தப் பதில் முழுக்க நீங்கள் என்றே எழுதுகிறேன். முன்பின் பார்க்காதவரை நீ என்று எழுத எனக்கு வராது.

ஆங்கிலத்திலும் ஒரு காலத்தில் இரண்டு இருந்தன. ஒருவருக்கு ‘தௌ’, பலருக்கு ‘யீ’ அல்லது ‘யூ’. 1611இல் வந்த கிங் ஜேம்ஸ் பைபிளில் இந்த வித்தியாசத்தை இன்றும் பார்க்கலாம். பிரெஞ்சுக்காரர்களின் பழக்கத்தைப் பார்த்து அங்கேயும் பெரிய மனிதர்களை ஒருமையில் கூப்பிடாமல் ‘யூ’ என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அதாவது நம் ‘நீங்கள்’ போன அதே வழி. ஆனால் நாம் நிறுத்திய இடத்தில் அவர்கள் நிறுத்தவில்லை. யாரைத் தௌ என்பது, யாரை யூ என்பது என்ற சங்கடம் கூடிக்கொண்டே போய், எதற்கு வம்பு என்று எல்லாரையும் யூ என்றே கூப்பிட்டுத் தௌவைக் கைவிட்டார்கள். 17ஆம் நூற்றாண்டில் குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் மட்டும், கடவுள் முன் எல்லாரும் சமம் என்று சொல்லிப் பெரிய அதிகாரிகளையும் தௌ என்று கூப்பிட்டு அடி வாங்கினார்கள். நம் ஊரில் கலெக்டரைப் பார்த்து “நீ சொல்லுப்பா” என்றால் என்ன ஆகுமோ, அது.

ஆகவே, “இங்கிலீஷ்ல மரியாதையே கிடையாது, எல்லாரும் நீதான்” என்று நம் பெரியவர்கள் சொல்வது தலைகீழ். அங்கே எல்லாரும் ‘நீங்கள்’தான், தொலைந்து போனது ‘நீ’. தேவாலயத்தில் ‘தௌ’ என்று படிக்கும்போது ஏதோ ராஜமரியாதைச் சொல் மாதிரி கேட்கிறது இல்லையா, அது உண்மையில் வீட்டுச் சொல், நெருக்கத்தின் சொல். சுந்தரர் சிவனைப் பித்தா என்று கூப்பிட்ட உரிமை அதில் இருக்கிறது. தமிழ் பைபிளில் அந்த இடங்களில் ‘உம்முடைய நாமம்’ என்று மரியாதையோடு வருகிறது, அது நம் காதுக்காக.

இப்படி ஒரே ஒரு யூ மிஞ்சியதில் ஒரு கஷ்டம் வந்தது. “ஆர் யூ கமிங்?” என்று கேட்டால் உன்னையா, உங்கள் எல்லாரையுமா? தெரியாது. அந்த ஓட்டையை ஊருக்கு ஊர் கிடைத்த துணியை வைத்துத் தைத்தார்கள். அமெரிக்காவின் தெற்குப் பக்கம் ‘யால்’. பிட்ஸ்பர்க்கில் ‘யின்ஸ்’. அயர்லாந்திலும் நியூயார்க் பக்கமும் ‘யூஸ்’. இங்கிலாந்தில் ‘யூ லாட்’, அதில் கொஞ்சம் அதட்டலும் இருக்கும். அமெரிக்காவின் மற்ற பகுதிகளில் பரவலாக நின்றது ‘யூ கைஸ்’. உங்கள் கிளையன்ட் மேனேஜர் தினமும் சொல்வது இதைத்தான். அவர் உங்களைப் பசங்களே என்றும் கூப்பிடவில்லை, நண்பர்களே என்றும் கூப்பிடவில்லை. கிட்டத்தட்ட ‘நீங்கள் எல்லாரும்’ என்கிறார்.

கிட்டத்தட்ட என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. நம் நீங்களில் இருக்கும் இரண்டு வேலையில் கைஸ் ஒன்றைத்தான் செய்கிறது. எண்ணிக்கை இருக்கிறது, மரியாதை இல்லை. அவமரியாதையும் இல்லை, சட்டையை வெளியே விட்டுக்கொண்டு பேசுகிற மாதிரி ஒரு தளர்ச்சி. நீங்கள் அதை நீங்கள் என்று நினைத்து அனுப்பினீர்கள். உங்கள் டெலிவரி மேனேஜர் காதில் பசங்களா என்று விழுந்தது. ஒன்பது மாத வேலைக்காரி, நாற்பது வயது ஆளைப் பார்த்துப் பசங்களா என்றால் அவர் சீட்டுக்கு எழுந்து வராமல் என்ன செய்வார்?

என் தீர்ப்பு இதுதான். பக்கவாட்டிலும் கீழேயும் கைஸ் தாராளமாகப் போகும், மேலே ஏறாது. உங்கள் டீம் சாட்டில், “கைஸ், பில்டு உடைந்துவிட்டது” என்று போடுங்கள், யாரும் கவலைப்பட மாட்டார்கள். கிளையன்ட் மேனேஜர் உங்களைக் கைஸ் என்று கூப்பிடலாம், அவர் பணம் தருகிற பக்கம். நீங்கள் அவரைத் திருப்பிக் கூப்பிடலாமா? மீட்டிங்கில், பேச்சோடு பேச்சாக, “கேன் யூ கைஸ் சீ மை ஸ்கிரீன்?” என்று கேட்டால் அமெரிக்கக் காதில் அது உறுத்தாது. மெயில் வேறு. பேச்சில் முகம் இருக்கிறது, குரல் இருக்கிறது, சிரிப்பு இருக்கிறது. மெயிலில் அந்த நான்கெழுத்துச் சொல் மட்டும் தனியாக, முதல் வரியில், மேலதிகாரியின் பெயருக்குக் கீழே நிற்கும். ஆறு மாதம் கழித்து ஏதாவது தகராறில் அதே மெயிலை இன்னொருவருக்கு ஃபார்வர்ட் செய்வார்கள். அப்போதும் அங்கேயே நிற்கும்.

ஒரு சோதனை சொல்கிறேன். உங்கள் கிளையன்ட் மேனேஜர் அனுப்பிய பழைய மெயில்களில் பத்தைத் திறந்து முதல் வரியை மட்டும் பாருங்கள். வாயில் கைஸ் என்பவர் மெயிலில் என்ன போடுகிறார்? நான் பயிற்சி கொடுக்கும் இடங்களில் இதைச் செய்யச் சொன்னால் பெரும்பாலும் ‘ஹாய் ஆல்’, ‘ஹாய் எவ்ரிஒன்’ என்றுதான் அகப்படுகிறது. அவரே மெயிலிலும் கைஸ் போடுகிறவர் என்றால், அவருக்கு மட்டும் அனுப்பும் மெயிலில் கொஞ்சம் தளரலாம். அவருக்கு மேலே இருப்பவர் சேர்ந்துவிட்டால் கூடாது.

எப்படி எழுதுவது என்று கேட்டீர்கள். மூன்று பேருக்குள் என்றால் பெயர்களைப் போட்டு எழுதுவதே நல்லது. இங்கேதான் நம் ஆட்களுக்குக் கை நடுங்கும். வயதில் பெரியவரை, அதுவும் பெண்மணியை, பெயர் சொல்லி எப்படி எழுதுவது? அமெரிக்க அலுவலகத்தில் பெயர் சொல்வதுதான் மரியாதை. மேடம் போட்டால் ஏன் விலகி நிற்கிறாள் என்று நினைப்பார்கள். ஆனால் நம் டெலிவரி மேனேஜரும் அதே வரிசையில் இருந்தால், அவர் பெயரை வெறுமனே எழுதுவதும் உங்களுக்குக் கூசும். அந்த மாதிரிக் கலப்புக் கூட்டத்துக்கு ‘ஹாய் ஆல்’ இருக்கிறது. சென்னை அலுவலகங்களில் அரசாளும் ‘டியர் ஆல்’ கொஞ்சம் சர்க்குலர் வாசனை அடிக்கும், தப்பில்லை. ‘ஹாய் டீம்’ உங்கள் டீமுக்கு மட்டும். கிளையன்ட் உங்கள் டீம் அல்ல. ‘ஃபோக்ஸ்’ என்று சிலர் போடுகிறார்கள், அமெரிக்கர் வாயில் அது இதமாக இருக்கும், நம் வாயில் இரவல் சட்டை மாதிரி தொளதொளவென்று இருக்கும். அது என் தனிப்பட்ட ஒவ்வாமை, நீங்கள் போட்டுக்கொண்டால் சண்டைக்கு வரமாட்டேன்.

பெண்கள் விஷயத்தில் மேனேஜர் சொன்னதை முழுசாகத் தள்ளிவிடவும் வேண்டாம். அமெரிக்காவிலேயே, ஆண்பால் சொல்லை எல்லாருக்கும் பொதுவாக்குவது சரியில்லை என்று கைஸைத் தவிர்ப்பவர்கள் இருக்கிறார்கள். பெண்கள் குறைவாக இருக்கும் டீமில், ஒரே பெண்ணாக உட்கார்ந்துகொண்டு தினமும் கைஸ் என்று கேட்பது சிலருக்கு உறுத்துகிறது. எனக்கு உறுத்துவதில்லை, ஆனால் உறுத்துகிறது என்று ஒருவர் சொன்னால் விட்டுவிடுவதில் என்ன நஷ்டம்? ‘எவ்ரிஒன்’ என்பதற்கு ஒரு மூச்சுதான் கூடுதல்.

ஒருமையில் வரும் கை பற்றியும் ஒரு வார்த்தை. ‘செக்யூரிட்டி கை’, ‘டெலிவரி கை’ என்று ஆங்கிலத்தில் சொல்வது சாதாரணம், இழிவு இல்லை. ஆனால் உங்கள் கேட்டில் இருக்கும் அறுபது வயது செக்யூரிட்டி ஐயா காதில் விழும்படி சொல்லாதீர்கள், அவருக்கு அது ‘அந்த ஆளு’ என்றுதான் கேட்கும். ‘வைஸ் கை’ என்று யாராவது உங்களைச் சொன்னால் மகிழ்ந்துவிட வேண்டாம். அறிவாளி என்று அர்த்தமில்லை, அதிகப்பிரசங்கி. ‘ஃபால் கை’ என்றால் அடுத்தவன் தப்புக்கு மாட்டிவிடப்பட்ட பலியாடு. இரண்டையும் மெயிலில் எழுதாதீர்கள், மீட்டிங்கில் கேட்டால் புரிந்துகொள்ளுங்கள், போதும். உச்சரிப்பில், முதல் எழுத்து கங்கையில் இரண்டாவதாக வரும் க. கடைசி எழுத்து ‘பஸ்’ஸில் வருவது போல் சீறக் கூடாது, தேனீ ரீங்காரம் போல் அதிர வேண்டும்.

உங்கள் மேனேஜரிடம் தனியாகப் போய், “சார், இனிமே மெயில்ல ‘ஹாய் ஆல்’னு போடறேன்” என்று ஒரு வரி சொல்லிவிடுங்கள். கிளையன்ட்டுக்கு மன்னிப்பு மெயில் மட்டும் அனுப்பிவிடாதீர்கள். அந்தப் பெண் அதிகாரி கைஸைக் கவனித்திருக்கவே வாய்ப்பில்லை. மன்னிப்பைக் கட்டாயம் கவனிப்பார்.

இப்போது அம்மா. அவர் சந்தேகப்பட்டது சரி, அது ஒரு பையன் பெயர்தான். கை ஃபாக்ஸ் என்று இங்கிலாந்தின் யார்க் ஊரில் 1570இல் பிறந்தவர். கத்தோலிக்கர்களை ஒடுக்கிய அரசர் முதலாம் ஜேம்ஸையும் பாராளுமன்றத்தையும் சேர்த்து வெடிவைத்துத் தகர்க்கச் சிலர் சதி செய்தார்கள். தலைவர் ராபர்ட் கேட்ஸ்பி. வெடிமருந்துக்குக் காவல் நம் கை ஃபாக்ஸ். 1605 நவம்பர் 5 விடிவதற்கு முன், பிரபுக்கள் சபைக்கு அடியில் 36 பீப்பாய் வெடிமருந்தோடு அகப்பட்டார். அரசர் தப்பித்ததைக் கொண்டாட ஆண்டுதோறும் அந்த நாளில் நெருப்பு மூட்டினார்கள், வெடி வெடித்தார்கள். பழைய துணியில் அவருக்குக் கொடும்பாவி கட்டி, சிறுவர்கள் தெருத்தெருவாகத் தூக்கிப்போய்க் காசு கேட்டு, ராத்திரி கொளுத்தினார்கள். அந்தக் கொடும்பாவிக்குப் பெயர் ‘கை’. போராட்டங்களில் மீசை வைத்துச் சிரிக்கும் வெள்ளை முகமூடி பார்த்திருப்பீர்களே, அந்த முகமும் இவருடையதுதான்.

பிறகு கந்தல் உடுத்திக் கோமாளி மாதிரித் திரிகிறவனைக் கை என்றார்கள். 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில் கந்தல் போய், எந்த ஆணும் கை ஆனான். அடுத்த நூற்றாண்டில் பெண்களும் உள்ளே வந்தார்கள். நம்மிடம் நறுமணமாக இருந்த நாற்றம் துர்நாற்றமாக இறங்கியது. அவர்களிடம் கொடும்பாவி ஏறி ஏறி ‘நீங்கள் எல்லாரும்’ ஆகிவிட்டது. (கூடாரத்தை இழுத்துக் கட்டும் கயிற்றுக்கும் ஆங்கிலத்தில் கை என்றே பெயர். அது வேறு வம்சம், இவருக்கு உறவில்லை.)

அம்மாவிடம் கவலைப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். பையன் 1606 ஜனவரி 31ஆம் தேதியே போய்ச் சேர்ந்துவிட்டான்.